காற்று சாத்திய கதவு

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து டன்மோர் ஊரில் கறுப்பர்களுக்கும் வெள்ளையர்களுக்கும் இடையே நல்லிணக்கம் உண்டாக்குவது என்று முடிவானதும், முதல் வேலையாக ஒரு குழு அமைத்தார்கள். குழு அமைக்காமல் அந்த ஊரில் பீச் மரம்கூடப் பூப்பதில்லை. மரச்சாமான் கடை முதலாளி ராண்டல் ஸ்டோவல் ஒருமனதாகத் தலைவரானார். அவரை முன்மொழிந்தவரும் அவரே என்பதால் விவாதம் சுருக்கமாக முடிந்தது.

குழு கூடிக் கூடிப் பேசி, நல்லிணக்கத்துக்குச் சிறந்த வழி நாடகம் போடுவதே என்று கண்டுபிடித்தது. வேறு யோசனைகளும் வராமல் இல்லை. மழை பெய்தால் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் தெற்குத் தெருக்களுக்கு வடிகால் கட்டித் தரலாம் என்று யாரோ சொன்னார்கள். அந்தத் தெருக்களில் இருப்பவர்கள் எல்லாரும் கறுப்பர்கள். ஆனால் அது நல்லிணக்கத்தில் வராது, பொதுப்பணியில்தான் வரும் என்று தலைவர் பொறுமையாக விளக்கினார்.

நாடகத்துக்கான கதை கையிலேயே இருந்தது. அறுபது வருடத்துக்கு முன்னால், வெள்ளைக்காரப் பிள்ளைகள் மட்டும் படித்த டன்மோர் பள்ளிக்கூடத்துக்கு முதன்முதலாக நான்கு கறுப்புப் பிள்ளைகள் போனார்கள். வாசலில் ஊரே கூடி நின்று கத்தியது. கதவைச் சாத்தினார்கள். அரசாங்கத்து ஆட்கள் வந்து திறந்துவிடும் வரை நான்கு பேரும் வெயிலில் நின்றார்கள். அவர்களில் இன்றைக்கு உயிரோடு இருப்பவர்கள் இரண்டு பேர். ஒருவர் தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற வெர்லீன் டாக்கெட். இன்னொருவர் அவருடைய அண்ணன் ஓடெல்.

ஓடெலைப் பற்றி ஊர் அதிகம் பேசுவதில்லை. பள்ளிக்கூடச் சுவரில் இருக்கும் பித்தளைத் தகட்டில் மூன்று பெயர்கள்தான். ஓடெல் அந்த இலையுதிர் காலம் முடிவதற்குள்ளேயே வெளியேற்றப்பட்டார். சாப்பாட்டுக் கூடத்தில் தங்கையின் பால் டம்ளரில் எச்சில் துப்பிய ஒரு பையனின் தலையில், பூகோளப் புத்தகத்தால் ஓங்கி ஒரு போடு போட்டார் என்பது குற்றம். அந்தப் பையன்தான் ராண்டல் ஸ்டோவல்.

இதை ஸ்டோவல் மறந்துவிட்டார். அல்லது மறந்தவர் மாதிரி அவ்வளவு கச்சிதமாக நடந்துகொண்டார். ஒரு நாள் பீக்கன் பருப்பு போட்ட கேக்கோடு வெர்லீனின் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்.

"மிஸ் வெர்லீன், நீங்க எங்களுக்கு வாழும் வரலாறு."

"அப்படீன்னா என்ன வேலை?"

"வேலையே இல்ல. எல்லா ஒத்திகையிலயும் முன் வரிசையில உக்காரணும். கடைசிக் காட்சியில மேடைக்கு வந்து என்னைக் கட்டிப் பிடிக்கணும். அதோட திரை விழுந்துரும்."

"உங்களையா?"

"நான் நானாவே நடிக்கிறேன். வேற யாரும் சரியா வரமாட்டாங்க."

வெர்லீனுக்குச் சிரிப்பதா எழுந்து போவதா என்று தெரியவில்லை. ஆனால் மனதில் ஒரு கணக்கு ஓடியது. "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். போனது நாலு பேரு. எங்க அண்ணன் பேரை மேடையில சொல்லணும்."

"இதெல்லாம் சொல்லணுமா? உண்மைதான் நம்ம அஸ்திவாரம்" என்று ஸ்டோவல் அவர் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்து அழுத்தினார்.

அவர் போன பிறகு ஓடெல் கொல்லைப்பக்கத்திலிருந்து வந்தார். புல்வெட்டும் இயந்திரம் பழுது பார்ப்பது அவர் தொழில். கையெல்லாம் எண்ணெய். கேக்கைப் பார்த்தார். "அவன் வெச்சுட்டுப் போனதா?"

"ஆமாண்ணா."

"முழுசா மூடி வெச்சிருந்தானா?"

"அண்ணா!"

"கேட்டு வெச்சுக்கறேன், அவ்வளவுதான்" என்று பெரிய துண்டாக வெட்டிக்கொண்டார்.

ஒத்திகை ஆரம்பித்தது. நாடகத்தை எழுதி இயக்க அட்லாண்டாவிலிருந்து ட்ரூடி வின்ஃபீல்ட் என்ற பெண்ணை வரவழைத்திருந்தார்கள். அந்தப் பெண் எல்லாரையும் வட்டமாக நிற்கவைத்து, கண்ணை மூடி, மூச்சை இழுத்து, பக்கத்திலிருப்பவரின் வலியை உணரச் சொன்னாள். வெர்லீனுக்குப் பக்கத்தில் நின்ற பல் டாக்டருக்கு இடுப்பு வலி. அதை அவர் வாய்விட்டே சொல்லிவிட்டதால் உணர்வது சுலபமாக இருந்தது.

முதல் காட்சியில் பள்ளிக்கூட வாசலில் கூட்டம் நின்று கத்த வேண்டும். அதற்கு இருபது பேர் வேண்டும் என்றாள் ட்ரூடி. இருபது பேரும் வந்தார்கள். மறுநாள் பல் டாக்டர் தனியாக வந்து தலையைச் சொறிந்தார். "எங்க தாத்தா படம் இன்னும் கிளினிக்ல மாட்டியிருக்கு. நான் இங்க நின்னு கத்தினா, அவர் கத்தினாருன்னு ஆயிடாதா? அவர் அன்னைக்கு மீன் பிடிக்கப் போயிட்டாரு."

அடுத்து மருந்துக்கடைக்காரர் வந்தார். அவருடைய தாத்தாவும் மீன் பிடிக்கத்தான் போயிருந்தார். அந்தக் காலத்துப் போலீஸ் ஷெரிப்பின் பேரன், பருத்தி ஆலைக் குடும்பம், பாப்டிஸ்ட் சர்ச் பாதிரியாரின் மருமகன் என்று ஒவ்வொருவராக வந்தார்கள். அந்த வாரம் முடிவதற்குள், சம்பவம் நடந்த நாளில் டன்மோரின் வெள்ளைக்கார ஆண்கள் மொத்தப் பேரும் ஊருக்கு வெளியே இருந்த குளத்தில் தூண்டிலோடு உட்கார்ந்திருந்தார்கள் என்பது உறுதியாயிற்று. மீன்கள் திரும்பி நீந்த இடம் இருந்திருக்காது.

"அப்போ யார் கத்தினது?" என்று வெர்லீன் முன் வரிசையிலிருந்து கேட்டார்.

எல்லாரும் அவரைப் பார்த்துக் கனிவோடு புன்னகைத்தார்கள். "உங்க தைரியத்துக்கு நன்றி, மிஸ் வெர்லீன்" என்றாள் ட்ரூடி. அவர் எதைச் சொன்னாலும் அந்தப் பெண் இதைத்தான் சொன்னாள். அன்றைக்குத் தண்ணீர் கேட்டபோதும் இதையே சொன்னாள்.

குழு அவசரமாகக் கூடியது. கத்தியவர்கள் பக்கத்து மாவட்டத்திலிருந்து லாரியில் வந்த வெளியாட்கள் என்று மாற்றி எழுதினார்கள். செய்தி பக்கத்து மாவட்டத்துக்கு எட்டியது. அவர்களுடைய வியாபாரிகள் சங்கம், இந்த வருடம் டன்மோரின் பீச் பழத் திருவிழாவுக்குத் தங்களில் ஒருவர்கூட வரமாட்டார்கள் என்று சொல்லியனுப்பியது. குழு மறுபடி கூடியது. அன்றைக்குத்தான் ஸ்டோவல் எழுந்து நின்று, இன்றும் ஊரில் பேசப்படும் அந்த உரையை ஆற்றினார்.

"நண்பர்களே! நம்ம குறிக்கோள் என்ன? நல்லிணக்கம். நல்லிணக்கத்துக்கு எதிரி யாரு? பழி சொல்றது. ஒரு மனுஷனைக் காட்டினா அவனுக்குப் பேரன் இருக்கான், பேத்தி இருக்கா, கடை இருக்கு. அதனால நான் ஒரு தீர்வோட வந்திருக்கேன். காத்து! அன்னைக்குப் பெரிய காத்து அடிச்சுது. காத்து சத்தம் போட்டுது. காத்து கதவைச் சாத்திருச்சு. காத்துக்குத் தாத்தா கிடையாது. கறுப்பன் மேலயும் அடிக்குது, வெள்ளைக்காரன் மேலயும் அடிக்குது. இதைவிடச் சமத்துவம் வேற எங்க இருக்கு?"

கைதட்டல் அடங்க வெகு நேரம் ஆனது. பல் டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

காற்றுக்குக் குரல் கொடுப்பது யார் என்ற கேள்வி வந்தபோது, மவுண்ட் கில்யட் சர்ச்சின் பாட்டுக் குழுவைக் கூப்பிடலாம் என்றார் ஸ்டோவல். அது கறுப்பர்களுடைய சர்ச். "உங்க ஆளுங்களுக்கு அது பிறவியிலேயே வந்தது" என்று வெர்லீனைப் பார்த்துச் சொன்னார். பாட்டுக் குழுவுக்குச் சாம்பல் நிறத்தில் அங்கி தைத்தார்கள். மேடையின் இரு பக்கமும் நின்று "ஊ... ஊ..." என்று ஊளையிட்டபடி, அவர்களே வந்து கதவையும் தள்ளிச் சாத்த வேண்டும்.

அந்தக் காட்சியின் இரண்டாம் ஒத்திகையில், குழுவோடு அங்கி போட்டு நின்ற மவுண்ட் கில்யட் பாதிரியார் வியர்வையைத் துடைத்தபடி வெர்லீனின் பக்கத்தில் வந்து குனிந்தார். "வெர்லீன் அக்கா, நான் சரியாத்தான் புரிஞ்சிருக்கேனா? அன்னைக்கு நம்ம பிள்ளைங்களை உள்ள விடாம கதவைச் சாத்தினது நாமதானா?"

"இப்போதைக்கு அப்படித்தான் பாஸ்டர். குழு முடிவு பண்ணியிருக்கு."

"ஆண்டவரே!" என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி ஊளையிடப் போனார்.

நாடகத்தின் உயிர் பால் காட்சிதான் என்று ட்ரூடி அடிக்கடி சொல்வாள். சாப்பாட்டுக் கூடத்தில் சின்ன வெர்லீன் தனியாக உட்கார்ந்திருப்பாள். சின்ன ராண்டல் மெல்ல எழுந்து வந்து தன்னுடைய பாலை அவளிடம் நீட்டுவான். இருவரும் புன்னகைப்பார்கள். பியானோ ஒலிக்கும். ஊரின் பால் பண்ணை நாடகத்துக்கு ஆதரவு தந்தபடியால், டம்ளருக்குப் பதிலாக அவர்களுடைய பால் டப்பா வந்தது. பசு மாட்டுப் படம் பார்வையாளர் பக்கம் தெரியும்படி நீட்டப் பையனுக்குத் தனியாகப் பயிற்சி கொடுத்தார்கள்.

அந்தக் காட்சியை முதல் தடவை பார்த்தபோது வெர்லீனின் வாயில் ஒரு புளிப்பு வந்தது. அறுபது வருடமாக அவர் பால் குடித்ததில்லை. காபிகூடக் கறுப்பாகத்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஸ்டோவலைத் திரும்பிப் பார்த்தார். மனிதர் கன்னத்தில் கண்ணீர் வழிய மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடிப்பு இல்லை. நிஜமாகவே நம்பிவிட்டார்.

அடுத்த வாரம் மேடையில் நான்கு பிள்ளைகளுக்குப் பதில் மூன்று பிள்ளைகள் நின்றார்கள். வெர்லீன் எழுந்தார். "நாலாவது பையன் எங்க?"

"கதவு மூணு பேருக்குத்தான் அகலமா இருக்கு" என்றார் ஸ்டோவல்.

"கதவைச் செஞ்சதே நீங்கதானே? உங்க கடையிலதானே செஞ்சீங்க?"

ட்ரூடி குறுக்கே வந்தாள். "மிஸ் வெர்லீன், நாலாவது கதாபாத்திரம் முழுமையடையல. பாதியிலயே போயிடறான். பாக்கறவங்களுக்கு அது நிம்மதி தராது."

"எங்களுக்கும் தரலம்மா."

"அதுவும் போக, புத்தகத்தால அடிக்கிறதைக் காட்டினா வன்முறையை ஊக்குவிச்ச மாதிரி ஆகும்" என்றார் ஸ்டோவல். "பிள்ளைங்க புத்தகத்தைக் கண்டு பயப்படக் கூடாது."

"அப்போ பேரையாவது சொல்லுங்க."

"உங்க தைரியத்துக்கு நன்றி" என்றாள் ட்ரூடி.

வீட்டுக்கு வந்து வெர்லீன் கைப்பையை மேஜைமேல் எறிந்தார். "நாளையிலிருந்து நான் போகமாட்டேன். நீயும் நானும் வேண்டாம், அவங்களே அவங்களைக் கட்டிப் பிடிச்சுக்கட்டும்."

ஓடெல் சோளரொட்டியைப் பிட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். "விடு புள்ள. நான் இல்லாம அந்த ஸ்கூலு நடந்துச்சு. டெட்ராய்ட்ல கார் கம்பெனியில முப்பது வருஷம் கதவு மாட்டினேன். அங்கயும் யாரும் என் பேரை மேடையில சொல்லல."

"உனக்குக் கோவமே வராதா?"

"ஒரு தடவை வந்துச்சு. அதுக்கப்புறம் படிக்க முடியல."

ரொட்டி பாதியில் நின்றது. "போ. போய் உக்காரு. நீ இல்லேன்னா உன்னையும் காத்தாக்கிடுவானுங்க" என்று சொல்லிவிட்டுக் கொல்லைக்குப் போனார்.

நாடகம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், சர்ச் விட்டபின் நடந்தது. அரங்கம் நிரம்பிவிட்டது. வெளியே பன்றி இறைச்சி வாட்டும் புகை. முதியோர் இல்லத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்களை இலவசமாகக் கூட்டிவந்து முன் பக்கம் உட்காரவைத்திருந்தார்கள். நல்லிணக்கத்தை அவர்கள் கண்ணாரக் காண வேண்டும் என்பது குழுவின் ஆசை. ஓடெல் தங்கையைக் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, உட்காரமாட்டேன் என்று பின்சுவரில் சாய்ந்து நின்றுகொண்டார்.

திரை எழுந்தது. ஓவியத் துணியில் பள்ளிக்கூடம். வாசலில் வெள்ளைக்காரத் தாய்மார்கள் கேக்குத் தட்டுகளோடு நின்று கையசைத்தார்கள். மூன்று பிள்ளைகள் வந்தார்கள். சாம்பல் அங்கிகள் இரு புறமும் ஆடி "ஊ... ஊ..." என்று எழும்ப, கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

"என்ன எழவு சத்தம் அது?"

குரல் முதியோர் வரிசையிலிருந்து வந்தது. எண்பத்தெட்டு வயது யூலாலி கிரென்ஷா. காது கொஞ்சம் மந்தம் என்பதால் அவர் எதையும் மெதுவாகச் சொல்லிப் பழக்கமில்லை. அந்தக் காலத்தில் பள்ளிக்கூட அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்தவர்.

"காத்துங்க, மிஸ் யூலாலி" என்றாள் பக்கத்திலிருந்த தாதி.

"காத்தா? காத்து எதுக்கு?"

"காத்துதான் கதவைச் சாத்துது."

கிழவி கைத்தடியை ஊன்றி எழுந்தார். "காத்தும் இல்ல ஒரு மண்ணும் இல்ல. நான்தான் சாத்தினேன். ரெண்டு கையையும் வெச்சுத் தள்ளினேன். ஓக் மரக் கதவு. காத்தெல்லாம் அதை அசைக்க முடியாது."

பாட்டுக் குழு ஊளையை நிறுத்தியது. ஸ்டோவல் பக்கவாட்டிலிருந்து மேடைக்கு ஓடி வந்தார். "அருமை! அருமை! இதுவும் நாடகத்துல ஒரு பகுதிதான், அன்பர்களே! பார்வையாளர் பங்கேற்பு!"

அரங்கம் நிம்மதியோடு கைதட்டியது.

"எதுக்குத் தட்டறீங்க?" என்று யூலாலி திரும்பிப் பார்த்தார். "டேய் ராண்டி, நீ உக்காரு. உங்கப்பன் எனக்குப் பக்கத்துலதான் நின்னான். தொண்டை கட்டற வரைக்கும் கத்தினான்."

"அப்பா அன்னைக்கு மீன் பிடிக்க..."

"அவனுக்குத் தண்ணியைக் கண்டாலே நடுக்கம். வாளித் தண்ணியில கூடக் கை வைக்கமாட்டான்." கிழவி தடியால் மேடையைச் சுட்டினார். "பிள்ளைங்க நாலு பேருடா. மூணுதான் நிக்குது. அந்த உசரமான பையன் எங்க? உன் மண்டையில போட்டானே? அவனை வெளியேத்தற உத்தரவை நான்தான் அடிச்சேன். ஏன் அடிச்சான்னு அதுல ஒரு வரி இல்ல. நான் கேக்கவும் இல்ல."

அறுபது வருடத்தில் இந்த ஊர் வெள்ளைக்காரர் வாயிலிருந்து 'நாலு பேர்' என்ற சொல்லை வெர்லீன் கேட்டது அதுவே முதல் தடவை. திரும்பிப் பின்சுவரைப் பார்த்தார். ஓடெல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

இடைவேளை அறிவிக்கப்பட்டது. எல்லாரும் இறைச்சியை நோக்கி விரைந்தார்கள். வெர்லீன் கிழவியின் முன்னால் போய் நின்றார்.

"நான் அந்த நாலுல ஒருத்தி."

யூலாலி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "சின்னதா, மஞ்சள் கவுன் போட்டுட்டு நின்னியே, அதுவா?"

"ஆமா."

"மன்னிப்புக் கேப்பேன்னு பாக்கறியா? கேக்க மாட்டேன். இத்தனை பேரு பாக்கறப்போ கேட்டா நீ குடுத்துத்தான் ஆகணும். அது நியாயமில்ல."

"நான் குடுத்திருக்கவும் மாட்டேன்."

"சரிதான்" என்றார் கிழவி. பிறகு, "உக்காரேன். கால் வலிக்கப் போகுது" என்று பக்கத்து நாற்காலியிலிருந்த தன் கைப்பையை எடுத்தார். வெர்லீன் உட்கார்ந்தார்.

இடைவேளைக்குப் பிறகு நாடகம் எதுவுமே நடக்காதது போலத் தொடர்ந்தது. குழு அப்படித்தான் தீர்மானித்திருந்தது. பால் டப்பா வந்தது, பசு மாடு தெரிந்தது. கடைசிக் காட்சியில் விளக்கெல்லாம் எரிய, ஸ்டோவல் ஸ்டோவலாகவே வந்து மேடை நடுவில் நின்று இரண்டு கைகளையும் விரித்தார். பியானோ உருகியது. கட்டிப் பிடித்த கணத்தில் திரையை இறக்க வேண்டும் என்று திரைக்காரரிடம் சொல்லியிருந்தார்கள்.

வெர்லீன் படியேறி மேடைக்குப் போனார். இரண்டு எட்டு தள்ளி நின்றுகொண்டார்.

ஸ்டோவல் புன்னகையோடு காத்திருந்தார். பியானோக்காரர் அதே மெட்டை இரண்டாவது முறை வாசித்தார். மூன்றாவது முறையும் வாசித்தார்.

"வாங்க" என்றார் ஸ்டோவல் உதட்டை அசைக்காமல்.

"எங்க அண்ணன் பேரு என்ன, ராண்டல்?"

"இது வசனத்துல இல்ல."

"தெரியும்."

பியானோ சுற்றிச் சுற்றி வந்தது. விரித்த கைகள் லேசாக நடுங்கத் தொடங்கின. எழுபத்து மூன்று வயதில் கையை அப்படியே வைத்திருப்பது சுலபமில்லை.

"ஓடெல்" என்றார் ஸ்டோவல்.

"சத்தமா."

"ஓடெல் டாக்கெட்."

"அவன் உன்னை எதுக்கு அடிச்சான்?"

பியானோக்காரர் மெட்டைத் தவறவிட்டு நின்றுபோனார். மேடைக்குக் கீழே யாரோ இருமினார்கள். ஸ்டோவல் அரங்கைப் பார்த்தார். பல் டாக்டரைப் பார்த்தார். பல் டாக்டர் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டோவலின் கைகள் தாமாகக் கீழே இறங்கின.

"நான் உன் பால்ல துப்பினேன்" என்றார். அது உரை ஆற்றும் குரல் இல்லை. இத்தனை வருடம் எங்கேயோ வைத்திருந்த ஒரு பதின்மூன்று வயதுக் குரல். "நீ குடிக்கிறதுக்கு முன்னாடி... தெரியாம நீ பாதி குடிச்சுட்டே. அப்புறம்தான் பசங்க சிரிச்சாங்க."

"ஆமா" என்றார் வெர்லீன். "அதுதான் நடந்துச்சு."

அவர் கட்டிப் பிடிக்கவில்லை. அறையவும் இல்லை. திரும்பிப் படியிறங்கி வந்தார். திரைக்காரர் கயிற்றைப் பிடித்தபடி ட்ரூடியைப் பார்த்தார். ட்ரூடி தன் காகிதங்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். கட்டிப் பிடிக்காவிட்டால் என்ன செய்வது என்று அதில் எந்தப் பக்கத்திலும் இல்லை. அதனால் திரை விழவில்லை. திரை விழாததால் கைதட்டுவதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டு, ஒவ்வொரு குடும்பமாக, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் எழுந்து வெளியே போனார்கள். பாட்டுக் குழு சாம்பல் அங்கிகளைக் கழற்றி மடித்து மேடை ஓரத்தில் அடுக்கி வைத்தது.

ஸ்டோவல் எரியும் விளக்குகளுக்குக் கீழே தனியாக நின்றிருந்தார்.

"வெர்லீன்," என்று கூப்பிட்டார். "இப்போ நான் என்ன பண்ணணும்?"

"எனக்குத் தெரியாது ராண்டல். எழுதி வெச்சதெல்லாம் முடிஞ்சுபோச்சு."

ஸ்டோவல் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கி, காலியான நாற்காலிகளுக்கு நடுவே பின்சுவரை நோக்கி நடக்க ஆரம்பித்தார். அங்கே நின்றிருந்த ஓடெல் எதிரே வரவும் இல்லை, வெளியே போகவும் இல்லை.